ஆறாவது பொத்தான்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பற்குணத்துக்கு நான் கொடுத்த எல்.பி. சரியான அவுட். பதினெட்டு வருடமாக இதையே கேட்டு என் உயிரை வாங்கிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் சோற்றுத் தட்டோடு நிற்கும்போது கேட்டீர்கள். செத்த வீட்டில் பெட்டி மூடுவதற்கு முன்னர் கேட்டீர்கள். போன வருடம் முழங்கால் ஆபரேஷனுக்கு என்னைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனவரும் ஒரு தமிழர்தான். என் பெயரைப் பார்த்துவிட்டு, "அருளப்பு அண்ணை, அந்தப் பந்து லெக் சைட்டாலை போகேல்லையோ?" என்று கேட்டார். நல்லவேளையாக அதற்குள் மயக்க ஊசி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கிரிக்கெட் தெரியாத ஒருவர் எங்கள் கழகத்தின் இந்த ஆண்டு மலரைப் புரட்டினால் என்று ஒரு வரி: பந்து மட்டையில் படாமல் காலில் பட்டு, அந்தக் கால் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் பந்து நேரே விக்கெட்டில் விழுந்திருக்கும் என்று அம்பயர் முடிவு செய்தால், அதற்குப் பெயர் எல்.பி. இவ்வளவுதான் விஷயம். இதற்காக எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் ஒரு தெருவுக்குள் கால் வைக்காமல் நான் பதினெட்டு வருடம் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் கழகத்தின் இப்போதைய செயலாளர் நிருஷா. இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழைவிடப் பிரெஞ்சில் வேகமாகச் சண்டை பிடிப்பாள். "அங்கிள், நீங்கள் இப்ப ரெத்ரெத் தானே. ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்கோ," என்றாள். ரெத்ரெத் என்றால் ஓய்வூதியம். ஓய்வூதியக்காரனுக்கு வேலை இல்லை என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே மூச்சில், "இனி அம்பயரே தேவையில்லை அங்கிள், போனிலை மெதுவா ஓட விட்டுப் பாத்தால் எல்லாம் தெரியும்," என்றும் சொன்னாள். தேவையில்லாத ஆளின் அனுபவம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இங்கிலாந்தில் கூலி வாங்காமல் ஆடும் கனவான்கள் இருந்தார்களாம். அமெச்சூர் என்று பெயர். மைதானத்துக்குள் போக அவர்களுக்கென்று தனி வாசலாம், தனி அறையாம். "நீங்களும் அமெச்சூர் தானே அங்கிள்," என்றாள். ஆமாம், நாங்களும் கூலி வாங்கவில்லை. தனி வாசல் மட்டும் இல்லை. மட்டை, ஆடுகளத்தில் விரிக்கும் பாய், விக்கெட் தடிகள், முப்பது பேருக்கான சோற்றுச் சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மெத்ரோ சுரங்க ரயிலின் சுழல் கதவுக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும் கனவான் யார் என்று.

ஆரம்பக் கதையை நீட்ட மாட்டேன். இங்கே வந்தபோது மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். பற்குணமும் நானும் ஒரே மெத்தை. அவன் உணவகத்தில் வேலை முடித்து வந்து படுக்கும்போது நான் எழுந்து வேலைக்குப் போவேன். இரண்டு வருடம் ஒருவர் விட்ட சூட்டில் மற்றவர் படுத்தோம். என் வேலை லா கூர்னெவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஹோட்டல் ஊழியர்களின் உடைகளைத் துவைக்கும் இடம். அங்கே தையல் மேசை என்று ஒன்று உண்டு. பொத்தான் அறுந்த சட்டை, பை கிழிந்த கோட்டு எல்லாம் அங்கே வரும். இருபத்தேழு வருடம் ஊரான் பைகளைத் தைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட். காலை ஏழு மணிப் பூசையை முடித்துவிட்டு ஓடுவேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. துடுப்பெடுத்து ஆடும் அணியே இரண்டு அம்பயர்களையும் தர வேண்டும். அவுட்டாகி வந்தவர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். தன் அணிக்காரனுக்கே அவர் விரலைத் தூக்க வேண்டும். நான் தொடக்க ஆட்டக்காரன், ஆனால் இரண்டாவது ஓவரைப் பார்த்தது அபூர்வம். அதனால் கோட்டு எப்போதும் என் தோளில்தான் வந்து விழும். அம்பயராக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. அவுட்டாகி அவுட்டாகி அம்பயரானவன் நான்.

சொந்த அணிக்காரனுக்கு அவுட் கொடுத்துவிட்டு அவனோடு ஒரே ரயிலில் வீடு திரும்புவது என்ன வேதனை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டே வருவான். இந்தச் சண்டைகள் பெருகியபோதுதான் அந்துவான் ஐயா இரண்டு அணியிலும் சேராத பொது அம்பயர் முறையைக் கொண்டு வந்தார்.

அந்துவான் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் லீக்குக்குச் செயலாளர். நகரசபையில் போய்ப் பேசி மைதானம் வாங்கக்கூடிய பிரெஞ்சு அவரிடம் மட்டும்தான் இருந்தது. வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அவர் போட்டதில்லை. கிரிக்கெட்டை முழுக்கச் சட்டப் புத்தகத்தில் படித்தவர். கவிதையை இலக்கணப் புத்தகத்தில் படித்த ஆள் மாதிரி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு லா சப்பலில் மூடிக் கிடக்கும் நகைக்கடை வாசலில் நின்று அம்பயர்களின் கோட்டைப் பரிசோதிப்பார். மடிப்புக் கலைந்திருந்தால், "மொசியே, இதைப் போட்டுக்கினு போனா உங்க தீர்ப்ப எவன் மதிப்பான்?" என்பார். ஒரு முறை விக்கெட்டின் மேலே வைக்கும் இரண்டு கட்டைகளில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம் என்று ஆட்டத்தை அரை மணி நேரம் நிறுத்தினார். இருபத்திரண்டு பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் அரம் வைத்துத் தேய்த்தார்.

அவர் எனக்குச் சொன்னவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்று. "அவுங்க கத்துனதும் உடனே வெரல தூக்காதீங்க. ஒரு மூச்சு முழுசா இழுத்து விடுங்க மொசியே. அந்த மூச்சுக்குள்ள பந்த மறுபடி பாருங்க. ஆட்டக்காரன் எங்கயும் ஓடிப்போயிட மாட்டான்." இதை ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் செய்வேன்.

அம்பயர் பரீட்சை பிரெஞ்சில். இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவைக்குப் பற்குணம் என்னைப் பிடித்து உட்கார வைத்தான். என்னைவிடப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவன். இரண்டு மாதம் பன்னிரண்டாம் இலக்க மெத்ரோவில் நின்றுகொண்டே கேள்வி கேட்டான். பந்து அம்பயரின் தொப்பியில் பட்டால் என்ன, மட்டை உடைந்து விக்கெட்டில் விழுந்தால் என்ன. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் பயந்து விலகி நின்றார்கள். பரீட்சையில் சித்தி பெற்றதும் அந்துவான் ஐயா ஓர் அட்டை தந்தார். என் பெயரும் படமும் அம்பயர் என்ற சொல்லும் போட்ட அட்டை. இந்த நாட்டில் என் கையில் வந்த பத்திரங்களில், அதிகாரி யாரும் முகம் சுளிக்காமல் தந்தது அது ஒன்றுதான்.

ஓர் ஓவருக்கு ஆறு பந்து. அதை எண்ண இப்போது சின்ன இயந்திரம் இருக்கிறது. நான் ஆறு பொத்தான்கள் வைத்திருந்தேன். ஹோட்டல் வாயிற்காவலர்களின் பழைய கோட்டிலிருந்து கழித்துப் போட்ட பித்தளைப் பொத்தான்கள். ஓவர் தொடங்கும்போது ஆறும் இடது பையில். பந்து ஒன்று போனால் பொத்தான் ஒன்று வலது பைக்கு. எட்டாத தூரத்தில் வைட் போட்டால் ஆடுபவருக்கு ஓர் ஓட்டம் உண்டு, ஆனால் அது பந்துக் கணக்கில் இல்லை, பொத்தான் அசையாது. இடது பை வெறுமையானால் ஓவர் முடிந்தது. பார்க்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், விரலே சொல்லும். இதில் பிழை வரவே வராது என்று நான் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

இனி அந்த இறுதியாட்டம். லா கூர்னெவுக்கு அப்பால் ஒரு கால்பந்து மைதானம். கோல் கம்பங்களுக்கு நடுவே பாயை விரித்து ஆணி அடித்திருந்தோம். ஆளுக்கு இருபத்தைந்து ஓவர். இரண்டாவதாக ஆடியது பற்குணத்தின் அணி. அவன்தான் தலைவன். அப்போது லா சப்பலில் மரக்கறிக்கடை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து நாற்பதுக்கு மேல் அடித்துவிட்டான். அன்று அவனை யாராலும் அசைக்க முடியாது போல இருந்தது. எல்லைக்கோட்டில் நின்ற சனம் எனக்குக் கேட்கும்படி, "அம்பயர் ஆரின்ரை ஆள் தெரியுமோ? ஒரே மெத்தையிலை படுத்தவங்கள்," என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் சொன்னது.

பத்தொன்பதாவது ஓவர். பந்து நேரே விழுந்து, தாழ்ந்து வந்து, முன்னங்காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். அவர்கள் கத்தி முடிக்கும்போது என் விரல் மேலே இருந்தது. பற்குணம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். என்னைக் கடக்கும்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி ஓவரும் என் பக்கம்தான் வந்தது. வெல்ல ஆறு ஓட்டம் வேண்டும். களத்தில் நின்ற இருவரும் கடைசி ஆட்டக்காரர்கள். ஒரு வைட், மூன்று ஒற்றை ஓட்டம், இரண்டு பந்தில் ஓட்டமே இல்லை. இடது பைக்குள் கையை விட்டேன், ஒன்றுமில்லை. ஓவர் என்றேன். ஓர் ஓட்டத்தால் பற்குணத்தின் அணி தோற்றது. மறு அணி பாயில் விழுந்து புரண்டது. பற்குணத்தின் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு எல்.பி., எல்.பி. என்று கத்தினார்கள். மட்டையோடு நின்ற ஆட்டக்காரன் மட்டும் ஒரு மாதிரி என்னைப் பார்த்தான். எனக்கும் மனத்தில் ஏதோ இடறியது. ஆனால் ஸ்கோர்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். ஒரு வைட், அதைத் தவிர ஆறு பந்து, பிழை இல்லை. அந்துவான் ஐயாவும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேலைத்தலத்தில் கோட்டைத் துவைக்கப் போடும்போது ஓரத்தில் ஏதோ கனத்தது. உள்துணியைப் பிரித்தேன். பித்தளைப் பொத்தான். இடது பையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஊர் உலகத்தின் பைகளையெல்லாம் தைக்கிற மனுஷன், தன் பையைத் தைக்காமல் இறுதியாட்டத்துக்குப் போயிருக்கிறான். கடைசி ஓவர் தொடங்கும்போதே பையில் ஐந்துதான் இருந்திருக்கிறது. அன்று வீசப்பட்டது ஐந்து பந்து. வைட்டோடு சேர்த்து ஆறு என்று கண் ஏமாந்துவிட்டது. ஒரு பந்தை நான் தின்றுவிட்டேன். புத்தகத்தில் எப்படி ஆறு வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான் சொல்லவில்லை. அம்பயர் எண்ணியதே எண்ணிக்கை என்றுதான் சட்டம், சொன்னாலும் முடிவு மாறாது என்று எனக்கு நானே வாதாடினேன். உண்மை அதுவல்ல. சொன்னால் அந்துவான் ஐயா அட்டையைப் பறித்துவிடுவார். அதைவிடப் பெரிய பயம், எண்ணத் தெரியாதவன் கொடுத்த எல்.பி.யும் பிழைதான் என்று சனம் சொல்லும். சரியாகக் கொடுத்த ஒன்றைக் காப்பாற்றப் பிழையாகப் போன ஒன்றை மூடினேன். வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

பற்குணம் என்னோடு பேச்சை நிறுத்தினான். நான் நகரத்துக்கு வெளியே கூசேன்வில்லுக்கு வீடு மாறினேன். மாதம் இரண்டு தடவை ரயிலேறி லா சப்பலுக்கு மரக்கறி வாங்க வருவேன். அவன் கடை இருக்கும் பக்கம் போகாமல், பின் தெருவால் சுற்றி, வதங்கிப்போன கத்தரிக்காய் விற்கிற இன்னொரு கடையில் வாங்குவேன். மனைவி திட்டுவாள். அந்துவான் ஐயா காலமானார். அவருடைய அடக்கத்திலும் நாங்கள் இருவரும் தேவாலயத்தில் வேறு வேறு பக்க வாங்குகளில் உட்கார்ந்திருந்தோம். பதினெட்டு வருடமும் என்னை யாரும் அந்தக் கடைசி ஓவரைப் பற்றிக் கேட்கவில்லை. எல்.பி.யை மட்டும் கேட்டார்கள். கேட்கவேண்டியதைக் கேட்காமல் கேட்கத் தேவையில்லாததையே கேட்கிற சனத்தோடு என்ன செய்வது?

போன மாதம் நிருஷா தொலைபேசியில் வந்தாள். யாரோ வீட்டுப் பரணில் இருந்து அந்த இறுதியாட்டத்தின் பழைய வீடியோ கிடைத்திருக்கிறது. கழகத்தின் ஆண்டு விழாவில் பெரிய திரையில் போடப் போகிறார்கள், எல்.பி. சண்டையை ஒரேயடியாக முடிக்க.

"எல்.பி. தெரியுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். கமரா பக்கவாட்டிலை இருக்கு, ஒண்டும் சொல்லேலாது. ஆனால்..." கொஞ்சம் தயங்கினாள். "கடைசி ஓவரை மூண்டு தரம் எண்ணிப் பாத்தன். அஞ்சு பந்துதான் இருக்கு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"செ பா க்ராவ், அங்கிள். பரவாயில்லை. அந்த ஓவரை நான் வெட்டி விடுறன். ஆருக்கும் தெரியாது."

வெட்டு என்று சொல்ல வாய் வந்தது. வந்துவிட்டது என்றே சொல்லலாம். "ரெண்டு நாள் பொறு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வெட்டாமல் அதைத் திரையில் போட்டால், முன்வரிசையில் பற்குணம் இருப்பான். அவன் தோற்ற ஆட்டம் அது. அவனுக்கு என் வாயால் தெரிவதா, இல்லை திரையைப் பார்த்துத் தெரிவதா? அல்லது தெரியாமலே போவதா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். போவதற்கு முன் பையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கடையில் ஓர் அம்மா பாவற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பற்குணம் என்னைக் கண்டதும், முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வது போல, "பொன்ஜூர் மொசியே," என்றான். தலை முழுக்க நரைத்திருந்தது.

பொத்தானை எடுத்து மேசையில் வைத்தேன். "பற்குணம், அந்தக் கடைசி ஓவர் அஞ்சு பந்து. இது கோட்டுச் சீலைக்குள்ளை விழுந்துட்டுது. அடுத்த நாளே கண்டனான். சொல்லாமல் விட்டுட்டன்."

அவன் பொத்தானைப் பார்க்கவே இல்லை. முருங்கைக்காய்களை அடுக்கிக்கொண்டே, "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அஞ்சு எண்டு தெரியும். நான் ஸ்கோர் மேசையிலைதான் இருந்தனான். அவுட் எண்டு என்னை அங்கை அனுப்பினது நீதானே."

"புத்தகத்திலை ஆறு கிடந்ததே!"

"ஆறாவது புள்ளியை நான் வைச்சனான். எழுதினவன் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான். பேனையை வாங்கி நானே குத்தினன்."

அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்?"

"அந்துவான் ஐயா உன்ரை அட்டையைப் பறிச்சிருப்பார். மெத்ரோவிலை கேள்வி கேட்டுக் கேட்டு என்ரை தொண்டையும் போனது அந்த அட்டைக்காகத்தான். அதோடை, கடைசியிலை நிண்ட ரெண்டு பேருக்கும் மட்டை பிடிக்கத் தெரியாது. இன்னொரு பந்து குடுத்து என்ன, இன்னொரு ஓவர் குடுத்து என்ன?"

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்தது கோபம். "அப்ப ஏன்ரா பதினெட்டு வரியம் என்னோடை கதைக்கேல்லை?"

இப்போதுதான் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எண்ணேக்கை பிழை வரும். ஆருக்கும் வரும். எனக்கு நீ விரல் தூக்கினது பிழையாலை இல்லை, பயத்திலை. சிநேகிதனுக்கு விட்டுக் குடுத்தான் எண்டு சனம் சொல்லும் எண்ட பயம். அவங்கள் கத்தி முடிய முன்னம் தூக்கிட்டாய். ஆரெவனுக்கும் ஒரு மூச்சு விடுறனீ. எனக்கு அந்த ஒரு மூச்சு விடேல்லை."

அது உண்மை. அந்த விரல் பந்தைப் பார்த்துத் தூக்கியதல்ல, எல்லைக்கோட்டுச் சனத்தைப் பார்த்துத் தூக்கியது. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனால் அவுட்," என்றேன்.

"எப்பிடியடா அவுட்?" மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். கையில் ஒரு முருங்கைக்காய். அரிசி மூட்டையை விக்கெட்டாக வைத்து முன்னால் நின்றான். "போ, அந்த ஐஸ்பெட்டிக்குப் பக்கத்திலை போய் நில். பந்து இஞ்சை விழுந்தது. கால் இஞ்சை. மட்டை இஞ்சை. அக்கா, ஒருக்கா அப்பீல் பண்ணுங்கோ."

பாவற்காய் அம்மா திகைத்துப் போய், "இது அந்த எல்.பி.யோ?" என்று கேட்டார். பிறகு கையிலிருந்த பாவற்காயை உயர்த்தி, மெல்லிய குரலில், "ஹவ்ஸாட்," என்றார்.

நான் மூச்சை இழுத்தேன். முழுதாக இழுத்தேன். அவனுடைய வளைந்த முழங்காலைப் பார்த்தேன். அந்தப் பந்தை மறுபடி பார்த்தேன். விழுந்தது, தாழ்ந்தது, பட்டது. மூச்சை விட்டேன். அவன் அசையாமல் காத்துக்கொண்டு நின்றான்.

விரலைத் தூக்கினேன்.

பற்குணம் முருங்கைக்காயைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். "இப்ப அவுட்," என்றான். "அண்டைக்கு இல்லை." முருங்கைக்காயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் தேநீர் போடப் போய்விட்டான். பாவற்காயை நான்தான் நிறுத்துக் கொடுத்தேன்.

நிருஷாவிடம் ஒரு பந்தையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விழாவில் அந்த ஓவரைப் போட்டதும் நான் எழுந்து நிற்பேன், கேட்பதைக் கேளுங்கள். எல்.பி.யைப் பற்றி மட்டும் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்காதீர்கள். செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில் பற்குணத்தின் கடைக்கு வாருங்கள். இருவரும் அங்கேதான் இருக்கிறோம், இன்னும் முடியவில்லை.